மஞ்சள் பலகைக்கு இப்பால்

நேற்று மோசெல் ஆற்றங்கரையில் நான் திடீரென்று பிரேக் பிடித்ததால் பின்னால் வந்த உங்களில் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறப் பார்த்தீர்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் நம் வாட்சப் குழுவில் அதைப் பற்றிப் பதினேழு செய்திகள். "அண்ணைக்குக் கண் தெரியேல்லை" என்று ஒன்று. "பிரான்ஸ் எண்ட பேரைக் கண்டு பயந்திட்டார்" என்று ஒன்று. மற்ற பதினைந்தும் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் முகங்கள். நான் பதில் போடவில்லை. கட்டைவிரலால் எழுதி முடிகிற காரியம் இல்லை அது.

முதலில் இந்தப் பயணத்தைப் பற்றிய என் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் நிற்கும். பாதையைத் தேர்ந்த நண்பர் தபால் பகுதியில் வேலை செய்தவர். ஆகவே உலகத்து ரோட்டெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பவர். அமைதியான ரோட்டு, ஆற்றோடேயே போகும், ஏற்றமே இல்லை என்றார். அமைதி உண்மைதான். பிரான்சுக்குள் ஓடிய நாற்பது கிலோமீற்றரில் எங்களை முந்தியவை ஒன்பது கார்களும் ஓர் உழவு இயந்திரமும். ஏற்றம் இல்லை என்பது பொய். பதினொன்று எண்ணினேன். ஐந்து ஊர்களைக் கடந்தோம், ஒரு பேக்கரியும் திறந்திருக்கவில்லை. ஐந்து ஊரிலும் சேர்த்துக் கண்ட உயிர்கள் இரண்டு கிழவிகளும் ஒரு பூனையும். நம் ஏழு பேரில் நாலு பேருக்குப் பட்டரி சைக்கிள், மீதி மூன்று பேருக்கு முழங்கால் வலி. ஏற்றத்தில் பட்டரிக்காரர்கள் சீழ்க்கை அடித்துக்கொண்டு போனதை நான் லேசில் மறக்கமாட்டேன்.

ஆனாலும் அது நல்ல பள்ளத்தாக்கு. மறுக்கமாட்டேன். ஒரு பக்கம் அவசரமில்லாத ஆறு, மறு பக்கம் சீப்பால் வாரிவிட்டதுபோலத் திராட்சைத் தோட்டம். அந்த அழகில் மயங்கி உருண்டுகொண்டிருந்தபோதுதான் நட்சத்திரங்கள் போட்ட நீலப் பலகை வந்தது. பிரான்ஸ் தொடங்குகிறதாம். என் கை தானாகப் பிரேக்கை அமுக்கியது. கண்ணில் கோளாறு இல்லை, கைக்குப் பழைய பழக்கம். நீங்கள் எல்லாரும் மீசை முளைத்த பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். நான் பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு வந்தவன். அந்த முதல் கோடைகாலத்தில் ஒரு பலகை எங்களைப் படுத்திய பாட்டை உங்களுக்குச் சொன்னதில்லை.

ஜெர்மனியில், ஹம் நகரத்திலிருந்து லிப்பே ஆற்றோடு மேலே போனால் வருகிற சிறிய ஊர் ஒன்றில் எங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மூடிப்போன ஒரு விடுதியின் மேல்மாடியில் ஓர் அறை. மூன்று கட்டில்கள், இரண்டு வளையம் கொண்ட மின்னடுப்பு. அதிலும் ஒரு வளையம்தான் சூடாகும். அறை முழுக்கப் பழைய பியரும் நனைந்த கம்பளமும் மணக்கும். அம்மா சாம்பிராணி தேடி அந்த ஊரின் இரண்டு கடைகளிலும் ஏறி இறங்கிக் களைத்துப்போனார்.

எங்களுக்குப் பின்னால் அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் பாரிசில் ஓர் உணவகத்தின் அடுப்படியில், பத்திரம் எதுவும் இல்லாமல், தலை காட்ட முடியாத நிலையில் இருந்தார். இங்கே மாமிக்கு அப்பாவை விட்டால் ஆள் இல்லை. அதிகாரிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மாமியை எங்களுக்குப் பக்கத்து ஊரில், ஆற்றுக்கு அக்கரையில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் குடியமர்த்தினார்கள். நடுவில் ஒரு பாலம். ஒரு பக்கத்துக் கம்பித் தூண்கள் நாற்பத்து நான்கு. நிதானமாக நடந்தாலும் ஒரு வெற்றிலை சப்பி முடியுமுன் அக்கரை போய்விடலாம்.

அந்தக் கோடை முழுக்க அப்பா போகவில்லை.

காரணம் மாஸ்டர். ஊரில் கணிதம் படிப்பித்தவர், எங்களுக்கு முன்னரே வந்து விசாவும் எடுத்து, ஹம்மில் இருந்துகொண்டு புதிதாக வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பார். அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை நாங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று கந்தோரில் அதிகாரிகள் சொன்னார்கள். அது அப்போது இங்கே இருந்த சட்டம்தான். அறைக்குத் திரும்பியதும், அந்த எல்லை எது என்று அப்பா மாஸ்டரைக் கேட்டார். அங்கேதான் வந்தது வினை. மாஸ்டர் ஒரு கேள்விக்கும் தெரியாது என்று சொல்லி அறியாதவர். ஜன்னலால் வெளியே பார்த்தார். பாலத்துக்கு முன்னால், வீதி ஓரத்தில், மஞ்சள் பலகை. அதில் எங்கள் ஊரின் பெயர் எழுதி, பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

"தம்பி, உங்கை தெரியுதே சிவப்புக் கோடு போட்ட போர்ட்? அதோட சரி. அதைத் தாண்டினா கேஸ் முடிஞ்சுது, அடுத்த பிளேனிலை ஏத்துவாங்கள்."

"சைக்கிளிலையும் ஏலாதோ மாஸ்டர்?"

"சைக்கிளென்ன, தவண்டு போனாலும் ஏலாது."

இப்போது எங்கள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியும், அந்தச் சிவப்புக் கோடு ஊர் முடிகிறது என்பதற்கு. இனி கார் வேகமாகப் போகலாம், அவ்வளவுதான். எங்கள் ஊரும் மாமியின் ஊரும் ஒரே மாவட்டம். ஆனால் சிவப்புக் கோட்டுக்கு 'கூடாது' என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? அக்கரையிலும் பாலத்துக்கு முன்னால் அதேபோல ஒரு பலகை. மாஸ்டர் அங்கேயும் போய் மாமிக்கு அதே பாடத்தை நடத்திவிட்டு வந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இந்தப் பலகைக்கு அடியில் நிற்போம், மாமி அந்தப் பலகைக்கு அடியில் குழந்தையோடு நிற்பார். நடுவில் ஜெர்மன்காரர்கள் சைக்கிளில் போவார்கள், வருவார்கள், நாய்களைக்கூடக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய தலைக்கு மேலால் எங்கள் குடும்பம் கதைக்கும்.

"பிள்ளை, சாப்பிட்டியே?"

"ஓம் அண்ணை!"

"என்ன கறி?"

"உருளைக்கிழங்கு!"

"போன கிழமையும் உருளைக்கிழங்குதானே?"

"இஞ்சை வேறை என்ன கிடக்கு அண்ணை!"

தொண்டை வற்றும்வரை இதுதான். அம்மாவுக்குக் கத்திக் கதைக்க வராது. அவர் கைலேஞ்சியை ஆட்டுவார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தைச் சட்டிபானையில் காட்டுவார்.

சைக்கிள்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் வேண்டாத பெரிய சாமான்களை ஒரு நாளைக்கு வீதி ஓரத்தில் வைப்பார்கள். லொறி வந்து அள்ளிப்போகும். ஸ்பேர்முல் என்பார்கள். லொறி வருமுன் அப்பா அதில் இரண்டு சைக்கிள்களை எடுத்துவந்தார். ஒன்று பெண்கள் ஓடும் சைக்கிள், முன்னால் பூப்போட்ட கூடை. அது அப்பாவுக்கு. ஊரில் அவரை அந்தக் கோலத்தில் யாராவது கண்டிருந்தால் ஒரு மாதம் வெளியே வந்திருக்கமாட்டார். மற்றது எனக்கு. அதற்குச் சங்கிலி இருந்தது, இரண்டு சக்கரம் இருந்தது. அதற்குமேல் கேட்கக் கூடாது.

பின்னேரங்களில் நாங்கள் ஆற்றங்கரைப் பாதையில் ஓடுவோம். கார் கிடையாது. வெட்டிப்போட்ட புல்லும் எருவும் கலந்த வாசனை வரும். பசுக்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி எங்களைப் பார்க்கும். ஒரு வளைவில் எப்போதும் முப்பத்தொரு பசுக்கள். ஒருநாள் முப்பது நின்றது, எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. சாதுவான நாடு அது, மேடு இல்லை, பள்ளம் இல்லை, நேற்றையதுபோலப் பதினொரு ஏற்றமும் இல்லை. அக்கரையில் மாமி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களுக்குச் சமமாக நடப்பார். மாமி நிற்கும்போது அப்பா நிற்பார், மாமி நடக்கும்போது அப்பா உருட்டுவார். இரண்டு கரையிலும் பாதை. நடுவில் என்னைவிடச் சோம்பேறியான ஒரு ஆறு.

மாமி களைத்துத் திரும்பிய பிறகும் அப்பா நிறுத்தமாட்டார். இன்னும் மேலே, இன்னும் மேலே போவோம். மூன்று ஊர்களின் கோவில் கோபுரம்போன்ற தேவாலயக் கூரைகளைக் கடந்து போவோம். "இதிலை போர்ட் ஒண்டும் இல்லைத்தானே, பிரச்சினை இல்லை" என்பார். மஞ்சள் பலகையைக் கார் ஓடும் வீதியில்தான் நடுவார்கள், ஆற்றங்கரைப் பாதையில் நடுவதில்லை. பெரியவனான பிறகு ஒருநாள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்குத் தலையைச் சுவரில் முட்டவேண்டும்போல இருந்தது. உண்மையான மாவட்ட எல்லை அந்தப் பசுக்களின் வளைவுக்கு இரண்டு ஊர் தள்ளி ஓடுகிறது. போகக்கூடிய பாலத்தில் ஓர் அடி வைக்காத மனிதர், போகக்கூடாத மாவட்டத்துக்குள் பின்னேரம்தோறும் பூக்கூடைச் சைக்கிளில் போய் வந்திருக்கிறார். போதாக்குறைக்கு அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்து தண்ணீரும் குடித்திருக்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் இருந்தேன். பன்னிரண்டு வயதில் நாலாம் வகுப்பு! மொழி தெரியாது என்று அங்கே இருத்தினார்கள்; கணக்கில் ஆசிரியையே என்னிடம்தான் விடை சரிபார்ப்பார். அந்த வகுப்பில் சைக்கிள் ஓடுவதற்குப் பரீட்சை வைப்பார்கள். பருமனான ஒரு பொலிஸ்காரர் வந்து வீதிக் குறியீடுகளைப் பலகையில் மாட்டி ஒவ்வொன்றாய்க் கேட்டார். இருபது குறியீடுகள். பத்தொன்பது எனக்குச் சரி. தவளைகள் வீதியைக் கடக்கும் இடம் என்ற ஒன்றுதான் பிழைத்தது. தவளைக்குப் பலகை நடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பதினான்காவதாக வந்தது எங்கள் மஞ்சள் பலகை. அதன் அர்த்தத்தை அன்று அந்தப் பொலிஸ்காரரின் வாயாலேயே கேட்டேன்.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அப்பா, அது ஊர் முடியுது எண்டதுக்குத்தானாம். ஆரும் போகலாமாம்."

"ஆர் சொன்னது?"

"பொலிஸ்காரர்."

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியே உன்ர மோன்ர கதையை? பிடிக்கிறவன் உனக்குச் சொல்லிப்போட்டே பிடிப்பான்? வா வா எண்டுதான் சொல்லுவான்."

"மாஸ்டருக்குப் பிழைச்சிருக்கும் அப்பா."

"மாஸ்டருக்கோ? அவரட்டைப் படிச்சவங்கள் எத்தினை பேர் இஞ்சினியர் தெரியுமோ? நீ நேற்று முளைச்சனி, பேசாமல் இரு."

எனக்கு அழுகை வந்தது. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நிற்பதைப்போல எரிச்சல் வேறு இல்லை. ஊரில் பொலிஸ் சொன்னதை நம்பி 'ஒரு விசாரணைக்கு' என்று போன இரண்டு பேர், அப்பாவின் சிநேகிதர்கள், திரும்பி வரவில்லை. அதை அம்மா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து. அப்போது எனக்கு அப்பா ஒரு பிடிவாதக்காரர், அவ்வளவே.

ஆடி பிறந்தபோது பல் பிரச்சினை தொடங்கியது. "அண்ணை, பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுது!" என்று மாமி அக்கரையிலிருந்து கூவினார். அப்பா பூக்கூடைச் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பலகை வரை ஓடினார்.

"எத்தினை?"

மாமி இரண்டு விரலைக் காட்டினார்.

பல்லுக்கொழுக்கட்டை எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தைக்கு முதல் பல் வந்ததும் ஓரத்தில் பல்லுப் பல்லாகக் கிள்ளிய கொழுக்கட்டை அவித்து, குழந்தையைப் பாயில் இருத்தி, தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் கொட்டவேண்டும். எங்கள் குடும்பத்தில் அதைத் தாய்மாமன்தான் கொட்டுவார். மாமியின் தலையில் கொட்டவேண்டிய தாய்மாமன் கொழும்பில் வேலையில் நின்றுவிட்டாராம். முப்பது வருடமாகியும் அதைச் சொல்லிச் சொல்லியே அந்த மனிதரை அப்பாவின் குடும்பம் தின்றுகொண்டிருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை அப்பா. தங்கையின் தலைப்பிள்ளைக்கு, கணவரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மாமி மூன்று விரலைக் காட்டினார். அதற்கடுத்த ஞாயிறு நான்கு.

"இப்பிடியே நிண்டீங்களெண்டால் அது எலும்பு கடிக்கும்," என்றார் அம்மா.

"நான் என்ன செய்யிறது? போய்ப் பிடிபட்டால் உங்களையும் சேத்தெல்லோ ஏத்துவாங்கள்."

இன்னும் இரண்டு பல் வந்த பிறகு, கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பல் கூசும். மாஸ்டருக்கு விசா இருக்கிறது, கார் இருக்கிறது. மாஸ்டர் அக்கரை போய், அப்பாவுக்குப் பதிலாகக் கொட்டுவார். அப்பா இக்கரையில் நின்று பார்ப்பார்.

"எங்கட பிள்ளையின்ர தலையிலை கொட்ட மாஸ்டர் ஆர்?" என்று அம்மா கத்தினார். பக்கத்து அறைக்காரர்கள் சுவரில் தட்டினார்கள்.

"முறைக்குச் செய்யிறதுதானே. ஆர் செய்தால் என்ன?" என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் திரும்பிச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியவே எழும்பி, சூடாகிற ஒரே வளையத்தில் கொழுக்கட்டை அவித்தார். அரிசி மா இல்லை, கோதுமை மா. பயறு இல்லை, ஏதோ ஒரு ஜெர்மன் பருப்பு. தேங்காய், கேக்குக்குப் போடும் காய்ந்த துருவல். ஐம்பத்திரண்டு கொழுக்கட்டைகள், நான் எண்ணித்தான் பெட்டியில் அடுக்கினேன். மாஸ்டர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, காரில் பாலத்தைக் கடந்தார். நாங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக மாமி அக்கரைப் பலகைக்குப் பக்கத்திலேயே புல்லில் பாய் விரித்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லை. ஒரு முனையை மாமி பிடித்தார், மற்ற முனை வேலிக் கம்பியில் கட்டியிருந்தது.

அப்பா எங்கள் பலகையின் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் பெட்டியைத் தூக்கினார். மாமி இங்கே பார்த்தார். மாஸ்டரைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா 'கொட்டட்டும்' என்று கையைக் காட்டினார். அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

"டேய்! டேய்! நில்லடா!" அப்பாவின் குரல் பின்னால் கிழிந்தது. தூண்களை எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்திரண்டாவது தூணில் ஒரு கை குறுக்கே நீண்டது. அக்கரை முனையில், மரத்தின் மறைவில் பச்சை நிறப் பொலிஸ் கார். அதே பருமனான பொலிஸ்காரர்.

நான் இறங்கினேன். அவர் என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார். மாஸ்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

பாலத்தில் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா வந்துகொண்டிருந்தார். ஒரு செருப்பு பாதி வழியில் கிடந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, தெரிந்த ஜெர்மன் சொற்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னார்: "என்ர பிள்ளை. பிள்ளை இல்லை. நான். நான்." சொல்லிவிட்டு இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து, விலங்கு போடுவதற்காக நீட்டினார்.

பொலிஸ்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. பிறகு அதில் வலது கையைப் பிடித்துக் குலுக்கி, "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னார்.

என்னிடம் கைப்பிடியைக் காட்டி ஏதோ சொன்னார். பத்தொன்பது எடுத்தவன் இப்படி ஓடலாமா என்றும் கேட்டார். பாயையும் குழந்தையையும் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா குலுக்கப்பட்ட கையை நீட்டியபடியே நின்றார். இக்கரையிலிருந்து அம்மா வந்தார். ஓடவில்லை, செருப்பைப் பொறுக்கிக்கொண்டு நடந்து வந்தார். தான் கடந்து வந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவுதானே?" என்றார்.

"இல்லைத் தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமையில அவங்கள் கொஞ்சம் இளக்கமாத்தான்..." என்று மாஸ்டர் தொடங்கினார்.

"மாஸ்டர், பெட்டியைத் தாருங்கோ," என்றார் அப்பா.

அம்மா துணியின் மற்ற முனையைக் கம்பியிலிருந்து அவிழ்த்துப் பிடித்தார். அப்பா கொட்டினார். பாதி பாயில், பாதி புல்லில். குழந்தை ஒன்றைப் பொறுக்கி வாயில் வைத்துக் கடித்து, மென்று, விழுங்கி, அடுத்ததற்குக் கை நீட்டியது. முதல் பல்லுக்குக் கொட்டுகிற கொழுக்கட்டையை ஆறு பல்லால் தின்ற பிள்ளை எங்கள் பரம்பரையில் அது ஒன்றுதான். மாமி அழுதுகொண்டே சிரித்தார். அப்பா குந்தியிருந்து குழந்தையின் வாயைத் திறந்து, விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு பல்லாக எண்ணினார்.

பிறகு எழும்பி என்னிடம் வந்தார். கையை ஓங்கினார். நான் கண்ணை மூடினேன். தேங்காய்த்துருவல் ஒட்டிய விரல்களால் என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"பொலிஸ்காரன் என்னடா சொன்னவன்?"

"பெல் இல்லாமல் ஓடக் கூடாதாம்."

"பின்னை ஏன்ரா பெல் இல்லாமல் ஓடினனி?" என்றார் அப்பா.